குளோரோமைசெட்டினும் கோழிக்கோட்டு ஜுரமும்

மூணாற்றிலிருந்து அடிமாலிக்கு இறங்கும் வழியில் பள்ளிவாசலைக் கடந்து செல்கிறவர்கள், மலைச்சரிவில் இறங்கும் பெரிய இரும்புக் குழாய்களைக் கண்டு, 1940-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசாங்கம் முதிரப்புழை ஆற்று நீரைக் கொண்டு தன் முதல் பெரிய நீர்மின் நிலையத்தை இங்கே ஓடவைத்த சரித்திரத்தை நினைப்பதுண்டு. தேயிலைச் சரிவுகளைக் கண்டு, 1877-இல் ஜே. டி. மன்றோ என்பவர் பூஞ்சாறு அரசரிடமிருந்து இம்மலைகளைப் பெற்றுக்கொண்டதையும், பிற்பாடு மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே மலையேறி வந்து லயங்களில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களையும் நினைப்பதுண்டு. அணைக்கும் தேயிலைக்கும் சரித்திரம் எழுதியவர்கள் பலர். அந்த லயங்களையும் அவற்றின் கீழே சமவெளியில் பரந்து கிடக்கும் ஊர்களையும் வாட்டிய ஜுரங்களுக்கும் சரித்திரம் உண்டு. அதிலும் ஒரு ஜுரத்துக்கு வந்து வாய்த்த ஒரு மருந்து, கால் நூற்றாண்டுக் காலம் தெய்வமாக விளங்கிப் பின்னர் கேரளத்திலேயே தோற்றுப்போன கதை, உலக வைத்திய சரித்திரத்தில் இடம்பெற்ற விஷயமாக இருந்தும், நம்மவர்களிடையே அதிகம் பேசப்படாததாகவே இருக்கிறது.

சன்னிபாத ஜுரம் என்றும், விஷ ஜுரம் என்றும், இங்கிலீஷ் வைத்தியம் பரவிய பிறகு டைபாய்டு என்றும் வழங்கிய அந்த நோய், மலேரியாவைப் போல நடுக்கிக் குலுக்கி மறுநாள் விட்டுவிடுகிற சுபாவமுடையதன்று. முதல் வாரத்தில் மாலைதோறும் முந்தின நாளைவிடச் சிறிது அதிகமாக ஏறி, காலையில் சிறிது இறங்கி, மறு மாலையில் மேலும் ஏறி, வைத்தியர்கள் கோடு போட்டு வைக்கும் ஜுரத் தாளில் படிக்கட்டு வரைந்தது போன்ற ரூபத்தைக் காட்டும், இரண்டாம் வாரத்தில் உச்சியிலேயே நின்றுவிடும், நாக்கில் நடுவே வெண்மாவு படிந்து ஓரங்கள் சிவந்திருக்கும், வயிறு உப்பும், நோயாளி படுக்கைத் துணியைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டு, சம்பந்தமில்லாத பேச்சுக்களைப் பேசத் தொடங்குவார். மூன்றாம் வாரம் ஆபத்தானது. குடலில் உண்டான புண் பொத்துக்கொண்டால் அத்துடன் காரியம் முடிந்தது. கஞ்சித் தெளிவும் பார்லித் தண்ணீரும் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, நாளை எண்ணிக்கொண்டிருப்பதைத் தவிர உறவினர்களுக்கும் வைத்தியருக்கும் வேறு வேலை இருந்ததில்லை. நூறு பேருக்கு நோய் வந்தால் பத்துப் பதினைந்து பேர் மாண்டார்கள். நோயை உண்டாக்கும் கிருமியை ஏபெர்த் என்னும் ஜெர்மானியர் 1880-இலேயே கண்டுவிட்டார். அது மலத்தின் வழியே நீரில் கலந்து, நீரின் வழியே வாயை அடைகிறது என்பதும் தெரிந்துவிட்டது. கசௌலி மலையில் 1905-இல் ஏற்பட்ட மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் தடுப்பூசி மருந்தும் தயாராயிற்று. ஆனால் ஜுரம் வந்து படுத்துவிட்டவனுக்குக் கொடுக்க மருந்தென்று ஒன்று இருக்கவில்லை.

அம்மருந்து தன் சக்தியைக் காட்டியது நம்மவர்கள் நிறைந்த மற்றொரு தோட்ட நாட்டில் என்பது கவனிக்கத் தக்கது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 1947-இல் பிரித்தெடுக்கப்பட்டு, குளோராம்பெனிகால் என்று பெயரிடப்பெற்று, பார்க் டேவிஸ் கம்பெனியாரால் குளோரோமைசெட்டின் என்னும் வியாபாரப் பெயரில் பிரசித்தமான அப்பொருளை, உண்ணிக் காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும் பொருட்டு, ஸ்மேடல், உட்வார்ட் முதலிய அமெரிக்க வைத்தியர்கள் 1948-இல் மலேயாவின் கோலாலம்பூருக்கு எடுத்துச் சென்றார்கள். உண்ணிக் காய்ச்சலென்று கருதி மருந்து கொடுக்கப்பட்டவர்களில் சிலருக்கு இருந்தது உண்மையில் டைபாய்டு என்று பின்னர் தெரிந்தது. தெரிந்த வேளையில் அவர்களுடைய ஜுரம் இறங்கியிருந்தது. நான்கு வாரம் எரிய வேண்டிய ஜுரம் நான்கைந்து நாளில் தணிந்ததைக் கண்ட வைத்தியர்களுடைய வியப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அவ்வாண்டே அவர்கள் அதைப் பிரசுரித்தார்கள். அதற்கடுத்த ஆண்டில் மருந்தை ரசாயன சாலையிலேயே செய்யும் முறையும் கண்டுபிடிக்கப்பட்டது. மரண விகிதம் நூற்றுக்கு ஒன்றளவில் இறங்கியது. எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து ரத்தம் ஊறாமற் செய்யும் அபாயம் மிகச் சிலருக்கு அம்மருந்தால் உண்டு என்பது பிறகு தெரியவந்தபோதும், டைபாய்டுக்கு அதை விட்டால் வேறு கதியில்லை என்பதால், அடுத்த இரண்டு தசாப்தங்களுக்கு அது வைத்தியர் கைப்பெட்டியில் முதல் ஸ்தானம் வகித்தது.

1972-ஆம் வருஷத்தின் முற்பகுதியில் கோழிக்கோட்டில் அந்த ஸ்தானம் ஆட்டங்கண்டது. மருந்து கொடுத்தும் இறங்காத டைபாய்டு ஜுரத்தோடு நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக வரத் தொடங்கினார்கள். மருந்துக்குப் படியாத கிருமி எங்கோ ஒன்றிரண்டு அதற்கு முன்பே காணப்பட்டதுண்டு என்றாலும், ஊர் முழுவதும் பரவும் நோயாக அது எழுந்தது அதுகாறும் அறியப்படாத விஷயம். 1957-இல் நிறுவப்பட்ட கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பகுதியில் இருந்த சி. கே. ஜெயராம் பணிக்கரும் கே. என். விமலாவும் அக்கிருமியை ஆராய்ந்து, அதன் மருந்தெதிர்ப்புச் சக்தி அதனோடேயே நின்றுவிடுவதன்று, இன்னொரு கிருமிக்குக் கடந்து செல்லக்கூடியது என்று அவ்வருஷமே ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினார்கள். இந்தப் பணிக்கர்தாம், 1978 முதல் இந்திய மருத்துவக் கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவரும் நுண்ணுயிரியல் பாடநூலில் அனந்தநாராயணனோடு சேர்ந்து பெயர் பதித்தவர். பாடநூலால் அவரை அறிந்தவர்கள் லட்சக்கணக்கானோர், இந்தச் சிறிய கட்டுரையால் அறிந்தவர்கள் சிலரே. அவருடைய புகழுக்கு எது பெரிய காரணமாயிருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், கட்டுரையையே சொல்வேன்.

இவ்வகைச் சோதனை எப்படி நடைபெறுகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது. குளோராம்பெனிகாலுக்கு அஞ்சாத டைபாய்டுக் கிருமியை ஒரு சோதனைக் குழாயிலும், நம் குடலில் தீங்கின்றி வாழும் ஈ. கோலை என்னும் கிருமியில், குளோராம்பெனிகாலுக்கு மடிந்துபோவதும் ஆனால் வேறொரு மருந்துக்கு மடியாததுமான ஒரு வகையை இன்னொரு குழாயிலும் இட்டு, இறைச்சிச் சாற்றில் இரண்டையும் வளர்ப்பார்கள். பிறகு இரண்டையும் ஒன்றாகக் கலந்து சில மணி நேரமோ ஓர் இரவோ வைத்திருந்து, அக்கலவையில் ஒரு துளியை, இரண்டு மருந்துகளும் சேர்க்கப்பட்ட பாசிக்கூழ்த் தட்டின் மேல் பரப்புவார்கள். ஒரு மருந்து டைபாய்டுக் கிருமியைக் கொல்லும், மற்றது ஈ. கோலையைக் கொல்லும், ஆகவே மறுநாட் காலையில் தட்டு வெறுமையாக இருக்க வேண்டும். அப்படியிராமல், பாலிலுள்ள சர்க்கரையைப் புளிக்கவைக்கும் சக்தி ஈ. கோலைக்கு உண்டு, டைபாய்டுக் கிருமிக்கு இல்லை என்பதைக் காட்டும் சாயம் கலந்த அத்தட்டில், இளஞ்சிவப்பு நிறமான புள்ளிகள் முளைத்திருக்குமானால், அவை ஈ. கோலையே என்பதும், நேற்று மாலை வரையில் தம்மிடம் இல்லாத ஒரு வித்தையை டைபாய்டுக் கிருமியிடமிருந்து இரவோடிரவாகப் பெற்றுக்கொண்டன என்பதும் ஒருங்கே நிரூபணமாகின்றன.

அதே 1972-இல் மெக்ஸிகோ தேசத்திலும் குளோராம்பெனிகாலுக்குப் படியாத டைபாய்டு கொள்ளைநோயாக எழுந்து, அடுத்த ஆண்டுக்குள் பதினாயிரம் பேர் அளவில் பீடித்தது. லண்டனில் காலிண்டேல் ஆய்வகத்திலிருந்த ஈ. எஸ். ஆண்டர்ஸன், மெக்ஸிகோவின் கிருமியையும் கேரளத்தின் கிருமியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கிருமிகள் இரண்டும் வெவ்வேறு வகையினவாகவும், அவற்றினுள் இருந்த எதிர்ப்புச் சக்தியின் உறைவிடம் மட்டும் ஒரே இனத்ததாகவும் இருக்கக் கண்டார். இரண்டும் நான்கு மருந்துகளை ஒருங்கே எதிர்த்தன: குளோராம்பெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின், ஸல்பா, டெட்ராசைக்ளின். ஒரு கிருமி கடல் கடந்து பரவியது என்று கொள்வதற்கு இடமில்லை. கிருமிகளுக்குள் புகுந்து வெளியேறித் திரியும் வேறொன்று இரண்டு கண்டங்களில் வெவ்வேறு கிருமிகளைப் பிடித்திருந்தது. பாக்டீரியாவின் பிரதானமான மரபுப் பொருளோடு சேராமல், தனி வளையமாக உள்ளே தங்கி, கிருமி பிளவுபடும்போது தானும் பெருகி, சமயம் வாய்த்தால் அடுத்த கிருமிக்கும் செல்லவல்ல அந்த டி.என்.ஏ. வளையத்துக்குத்தான் பிளாஸ்மிட் என்று பெயர்.

இத்தகைய ஒன்று இருக்கக்கூடும் என்று 1946-க்கு முன்னர் எவரும் கருதியதில்லை. பாக்டீரியாவுக்கு ஆண் பெண் என்னும் பேதமோ சேர்க்கையோ கிடையாது என்பது சாஸ்திரக்ஞர்களின் திடமான அபிப்பிராயம். இருபத்தோரு வயது இளைஞராயிருந்த ஜோஷுவா லெடர்பெர்க், யேல் சர்வகலாசாலையில் எட்வர்ட் டேட்டமின் கீழ் ஈ. கோலையின் கே-12 என்னும் வகையைக் கொண்டு செய்த சோதனை அந்த அபிப்பிராயத்தை முறித்தது. 1950-இல் பெர்னார்ட் டேவிஸ், நடுவே நுண்துளைக் கண்ணாடி பொருத்திய வளைகுழாயின் இரு பக்கங்களிலும் இரு கிருமிகளை வளர்த்து, சாறு மட்டும் கலந்து உடல்கள் தொடாதிருந்தால் யாதொன்றும் நிகழ்வதில்லை என்று காட்டினார்; ஸ்பரிசம் அவசியம் என்பது இதனால் நிச்சயமாயிற்று. அடுத்து வந்தவர் வில்லியம் ஹேய்ஸ். அயர்லாந்துக்காரரான இவர், இரண்டாம் உலக யுத்தத்தின்போது ராணுவ வைத்தியராக இந்தியாவுக்கு வந்து, நான் முன்னே சொன்ன கசௌலி நிலையத்தில் டைபாய்டுக் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த ஸால்மனெல்லாக்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர். ஊர் திரும்பிய பின் 1952-இல், சேரும் இரு கிருமிகளில் ஒன்றை ஸ்ட்ரெப்டோமைசினால் செயலிழக்கச் செய்தாலும் காரியம் நடக்கிறது, மற்றொன்றைச் செய்தால் நடப்பதில்லை என்பதைக் கண்டு, இது இருவர் கூடிக் கலப்பதன்று, ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்குவது என்று நிலைநாட்டினார். கொடுக்கும் தன்மையே தொற்றிப் பரவுவது, வாங்கியவரும் கொடுப்பவராகிவிடுகிறார் என்பதும் அவராலும், லெடர்பெர்க் தம்பதியராலும், இத்தாலியரான கவல்லி-ஸ்ஃபோர்ஸாவாலும் விளங்கியது. அத்தன்மையைத் தாங்கிய வளையத்துக்கு ‘எஃப்’ என்று பெயராயிற்று.

இவையெல்லாம் ஆய்வகத்து விநோதங்கள் என்று வைத்தியர்கள் ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், யுத்தத்துக்குப் பிந்திய ஜப்பானில் சீதபேதிக் கிருமிகள் நான்கு மருந்துகளை ஒரே சமயத்தில் எதிர்க்கத் தொடங்கின. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு தனித்தனி மாறுதல்கள் ஒரே கிருமியில் நேர்வது நம்பத்தக்கதன்று. 1959-இல் ஓச்சியாய், அகிபா என்னும் இருவர் தனித்தனியே, நான்கு எதிர்ப்புக்களும் ஒரே மூட்டையாக ஈ. கோலையிலிருந்து சீதபேதிக் கிருமிக்குச் செல்வதைக் காட்டினார்கள். ஜப்பானிய மொழியில் கிடந்த அச்செய்தியை 1963-இல் வாடனபே இங்கிலீஷில் தொகுத்து எழுதிய பிறகே மேல்நாடு பரவலாகக் கண் திறந்தது. லண்டனில் நவோமி தத்தா மட்டும் அதற்கு ஒரு வருஷம் முன்பே தம் ஆஸ்பத்திரியில் பரவிய ஒரு ஸால்மனெல்லாவில் அதைக் கண்டு எழுதியிருந்தார்.

ஜப்பானியப் பிளாஸ்மிட்டுகளை ஆராய்ந்தவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. லெடர்பெர்க்கின் எஃப் எந்நேரமும் கொடுத்துக்கொண்டேயிருக்கிறது. ஜப்பானிய வளையங்களோ, ஏறத்தாழ ஆயிரம் கிருமிகளில் ஒன்றில்தான் கொடுக்கும் ஆயத்தத்தோடு காணப்படுகின்றன. அதுவுமன்றி, எஃப் இருக்கும் கிருமிக்குள் இவற்றைச் செலுத்தினால் எஃப்பின் தாராள குணமும் அடங்கிவிடுகிறது. இந்த அடக்கத்துக்குக் காரணம் ஃபின்-ஓ என்று பெயர்பெற்ற ஒரு புரதம். ஒரு கிருமி இன்னொன்றுக்குப் பிளாஸ்மிட்டைக் கொடுக்க வேண்டுமானால், தன் உடலிலிருந்து மெல்லிய இழையை நீட்டி அயலானைப் பற்றி இழுக்க வேண்டும். வளையத்தின் ஓர் இடத்தில் ஒரு புரதம் ஓர் இழையை மட்டும் வெட்டி, வெட்டிய முனையைத் தானே பிடித்துக்கொண்டு, இரு உடல்களுக்கும் நடுவே அமைந்த வாயில் வழியே அதை அனுப்ப வேண்டும். இரு பக்கமும் எஞ்சிய ஒற்றை இழை மறுபடி இரட்டையாக நிரம்ப வேண்டும். இத்தனை கருவிகளுக்கும் ஆணையிடுவது ட்ரா-ஜே என்னும் புரதம். அப்புரதம் உண்டாவதற்கான செய்தியின் மேல் ஒரு சிறிய ஆர்.என்.ஏ. துண்டு சென்று படிந்து அதை வாசிக்க விடாமல் மறைத்துவிடுகிறது; அத்துண்டு சீக்கிரமே சிதைந்துபோகும் இயல்புடையதாகையால், அதைச் சிதையாமல் காப்பது ஃபின்-ஓவின் தொழில். கே-12-இன் எஃப் வளையத்தில் ஃபின்-ஓ மரபணுவின் நடுவில் அந்நியமான ஒரு டி.என்.ஏ. துண்டு எப்போதோ வந்து புகுந்து அதை முடமாக்கியிருந்தது என்பது 1980-களில் தெரியவந்தது. அதாவது, லெடர்பெர்க் கையிலெடுத்தது கடிவாளம் அறுந்த ஒரு பிளாஸ்மிட். அறுபடாத ஒன்று அவர் கைக்கு வந்திருந்தால் அச்சோதனையில் ஒன்றும் முளைத்திராது, பாக்டீரியாவுக்குச் சேர்க்கையில்லை என்ற பழைய அபிப்பிராயமே இன்னும் சில காலம் நிலைத்திருக்கும். ஒரு சாஸ்திரமே பழுதுபட்ட கருவி ஒன்றின் மேல் எழும்பியது என்பதை நினைக்க எனக்குச் சிரிப்பு வருகிறது.

இவ்வளவு அடக்கம் எதற்காக என்று கேட்கலாம். நீட்டிய இழை செலவுபிடிப்பது என்பதோடு, பகைவனுக்கும் அதுவே வாசலாகிறது: இழையைப் பற்றிக்கொண்டு கிருமிக்குள் புகுந்து அதை அழிக்கும் வைரஸ்கள் உண்டு. ஆகவே பெரும்பாலான நேரம் சும்மாயிருந்து, புதிதாக ஒரு கிருமிக்குள் நுழைந்தவுடன் மட்டும், ஃபின்-ஓ போதிய அளவில் சேரும்வரை சில தலைமுறைகளுக்கு மளமளவென்று பரவி, பிறகு மீண்டும் அடங்குவது பிளாஸ்மிட்டுக்கு லாபம்.

கோழிக்கோட்டுக்கும் மெக்ஸிகோவுக்கும் பொதுவாயிருந்த பிளாஸ்மிட்டின் அடக்கம் இன்னும் விசேஷமானது. 1974-இல் இங்கிலாந்தில் வில்லியம்ஸ் ஸ்மித் என்னும் கால்நடை ஆராய்ச்சியாளர், டைபாய்டுக் கிருமிகளிலுள்ள இந்த வளையங்கள் 37 டிகிரி உஷ்ணத்தில், அதாவது மனித உடலின் உஷ்ணத்தில், ஏறக்குறைய அசையாமலே கிடக்கின்றன, 22 முதல் 28 டிகிரி வரையுள்ள குளிர்ச்சியில் தாராளமாகக் கடந்து செல்கின்றன என்று ‘லான்ஸெட்’ பத்திரிகையில் எழுதினார். மனிதனின் நோயை உண்டாக்கும் கிருமி, மனிதனுக்குள் மட்டுமே வாழப் பழகிய கிருமி, தன் மிகப் பெரிய ஆயுதத்தை மனிதனுக்கு வெளியே பெற்றுக்கொள்கிறது என்று இதனால் கருத இடம் ஏற்பட்டது. நான் முன்னே வர்ணித்த சோதனையில், கலவைக் குழாயை 28 டிகிரியில் வைத்தால் தட்டு நிறையப் புள்ளிகள் முளைக்கும். அதே கலவையை 37 டிகிரியில் வைத்தால் தட்டு ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு வேறு எவ்வித வித்தியாசமும் தெரியாது.

உஷ்ணத்தை அறிந்து கதவடைப்பவர் யார் என்பது தெளிவாக முப்பதாண்டுகள் ஆயின. இவ்வினத்தின் மாதிரியாகக் கொள்ளப்பட்ட ஆர்-27 என்னும் பிளாஸ்மிட்டைக் கானடாவில் டயேன் டெய்லர் நெடுங்காலம் ஆராய்ந்தார்; ஏறத்தாழ 1,80,000 எழுத்துக்களைக் கொண்ட அதன் முழு வரிசையும் 2000-இல் வாசிக்கப்பட்டது. 2005-இல் பார்சிலோனா ஆராய்ச்சியாளர்கள் குற்றவாளிகளை அடையாளம் காட்டினார்கள்: எச்-என்-எஸ் என்பதும், அதற்குத் துணையான எச்-எச்-ஏ என்பதுமான இரு புரதங்கள். எச்-என்-எஸ் பிளாஸ்மிட்டுக்காகப் பிறந்ததன்று. கிருமியின் சொந்தப் பொருள். அது டி.என்.ஏ.வின் சில வகையான இடங்களில் வரிசையாகப் படிந்து அங்குள்ள மரபணுக்களை மௌனமாக்குகிறது, வெளியிலிருந்து வந்து சேர்ந்த மரபணுக்களை விசேஷமாக. இவ்விரண்டும் 37 டிகிரியில் ஆர்-27-இன் கடத்தற் கருவிகளுக்கான மரபணுக்களை அடக்கிவைக்கின்றன. குளிர்ச்சியில் பிடி தளர்கிறது. இவ்விரண்டையும் கிருமியிலிருந்து நீக்கிவிட்டால் 37 டிகிரியிலும் பிளாஸ்மிட் கடக்கத் தொடங்குகிறது. இதில் ஒரு விபரீதம் உண்டு. சீதபேதிக் கிருமியின் நோய் விளைக்கும் மரபணுக்களை இதே எச்-என்-எஸ் குளிர்ச்சியில் அடக்கி, உடற்சூட்டில் விடுவிக்கிறது. பிளாஸ்மிட் விஷயத்தில் நேர்மாறு. ஒரே புரதம், இடத்துக்குத் தக்கபடி, உடலுக்குள் ஒன்றையும் உடலுக்கு வெளியே மற்றொன்றையும் அனுமதிக்கிறது.

அதைவிட விநோதமான செய்தி, ஆர்-27 தன்னுள்ளேயே எச்-என்-எஸ் போன்ற ஒரு புரதத்துக்கும் எச்-எச்-ஏ போன்ற ஒரு புரதத்துக்கும் மரபணு வைத்திருப்பது. இத்தனை பெரிய வளையம் ஒன்று திடீரென்று உள்ளே வந்தால், கிருமியிடமிருந்த எச்-என்-எஸ் முழுவதும் அதன்மேல் படிவதற்கே செலவாகி, சொந்த மரபணுக்களைக் காக்க ஆளில்லாமல் கிருமி நலிந்துபோக வேண்டும். ஆர்-27-க்கு உறவான, சீதபேதிக் கிருமியொன்றிலுள்ள பிளாஸ்மிட்டிலிருந்து அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிவிட்டு, டப்ளினில் சார்லஸ் டார்மனும் அவருடைய கூட்டாளிகளும் 2007-இல் பார்த்தபோது, அதை ஏற்ற ஸால்மனெல்லா அப்படியே நலிவுற்றது. மரபணு இருந்தால் நலியவில்லை. பஞ்சகாலத்துக் கல்யாணத்துக்குத் தன் பங்கு அரிசியை மடியில் கட்டிக்கொண்டு வரும் உறவினரைப் போல, இந்தப் பிளாஸ்மிட் தன்னை அடக்குவதற்கு வேண்டிய புரதத்தைத் தானே எடுத்துக்கொண்டு வருகிறது. இவையன்றி, கடத்தலைத் தூண்டும் ட்ர்-எச்-ஆர், ட்ர்-எச்-ஒய் என்னும் இரு புரதங்களும், அவற்றைப் பிடித்து நிறுத்தும் எச்-டி-டி-ஏ என்னும் ஒன்றும் அதற்குள் உண்டென்று 2014-இல் வெளியாயிற்று. இவை எல்லாம் சேர்ந்து நடத்தும் கணக்கின் முழு விவரத்தையும் இங்கே எழுதினால் வாசகர் களைத்துப்போவார்.

மலைவாசிகளாகிய நமக்கு ஒரு பழைய நம்பிக்கை உண்டு. சமவெளியின் வெக்கையும் தேங்கிய குட்டையும் நோய்க்கு இடம், மலையின் குளிர்ந்த ஓட்டநீர் ஆரோக்கியத்துக்கு இடம் என்று நம்பியே துரைமார்கள் மலைக்கு வந்தார்கள். லயத்துப் பெண்கள் குடத்தைச் சரித்துப் பிடிக்கும் ஓடைநீர், கையை வைத்தால் விரல் மரத்துப்போகும் குளிர்ச்சியோடு இருப்பதால் சுத்தமானது என்று இன்றும் பள்ளிவாசலில் சொல்பவர்கள் உண்டு. கலங்கலில்லாமை கண்ணுக்குத் தெரியும், குளிர்ச்சி கைக்குத் தெரியும். மேலே உள்ள லயத்தின் கழிவு கலந்திருப்பது இரண்டுக்கும் தெரியாது. டைபாய்டுப் பிளாஸ்மிட்டின் சுபாவத்தை அறிந்த பிறகு அந்த நம்பிக்கை நிலைக்காது. காற்று 20 டிகிரியைச் சுற்றி நிற்கும் இவ்வூர்ச் சாக்கடையும், அதைவிடச் சூடான கோழிக்கோட்டுச் சாக்கடையும், இரண்டுமே 37-க்கு வெகுவாகக் கீழேதான். இரண்டிலும் மனிதக் கழிவிலிருந்து வந்த பலவகைக் கிருமிகள் நெருங்கிக் கிடக்கின்றன. ஆர்-27 இனத்தை அடக்கிவைக்கும் உடற்சூடு இரண்டிலும் இல்லை. மருந்து நோயாளியின் வாய்க்குள் போகிறது. மருந்தை வெல்லும் வித்தை அவன் வீட்டுப் பின்புறத்தில் கைமாறுகிறது. கோழிக்கோட்டுக் கிருமி எந்த நீரில் எந்தக் கிருமியிடமிருந்து அதைப் பெற்றது என்பதைப் பார்த்த சாட்சி கிடையாதென்றாலும், நோயாளியின் குடலுக்குள்ளே தேடுவதைவிட வெளியே தேடுவதே பொருத்தம்.

1972-க்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளோராம்பெனிகாலைக் கைவிட்டு அம்பிசிலினுக்கும் கோட்ரைமாக்ஸசோலுக்கும் போனார்கள்; 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் மூன்றையும் ஒருங்கே எதிர்க்கும் டைபாய்டு இந்தியாவெங்கும் பரவியது; சிப்ரோஃப்ளாக்ஸசின் வந்தது. வியட்நாமில் 1993-இல் எடுக்கப்பட்ட ஒரு டைபாய்டுக் கிருமியின் முழு மரபு வரிசை 2001-இல் வெளியானபோது, அதனுள்ளிருந்த பிளாஸ்மிட் ஆர்-27-இன் நெருங்கிய உறவாகவே இருந்தது. 1,80,000 எழுத்துக்களில் ஏறத்தாழ 1,68,000 இரண்டுக்கும் பொது. நடுவே புதிய எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்திருந்தன. பழைய மருந்துகளைக் கொடுப்பது நின்றுபோகவே, அவற்றை எதிர்க்கும் பிளாஸ்மிட்டைச் சுமப்பதில் லாபமில்லாத கிருமிகள் பெருகி, 1990-களின் பிற்பகுதி முதல் நம் நாட்டு டைபாய்டு பெரும்பாலும் மறுபடி குளோராம்பெனிகாலுக்குப் படிவதாயிற்று. ஆனால் மஜ்ஜையைக் கெடுக்கும் பயத்தால் வைத்தியர்கள் அதனிடம் திரும்பவில்லை.

இதற்கிடையில் பிளாஸ்மிட்டுகளின் சரித்திரம் வேறு கிருமிகளுக்குள் தொடர்ந்தது. கடைசி ஆயுதமென்று ஆஸ்பத்திரிகள் ஒதுக்கி வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளை அழிக்கும் என்.டி.எம்-1 என்னும் நொதி, 2008-இல் இந்திய வம்சாவளியினரான ஒரு ஸ்வீடன் நாட்டு நோயாளியிடம் முதலில் காணப்பட்டது. சென்னைத் தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதலாசிரியராகக் கொண்டு 2010 ஆகஸ்டில் ‘லான்ஸெட்’ தொற்றுநோய்ப் பத்திரிகையில் வந்த கட்டுரை, சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிருமிகளில் அது இருப்பதைக் காட்டியது. பெரும்பாலும் அது பிளாஸ்மிட்டுகளின் மேல், எளிதில் கடக்கும் நிலையில் இருந்தது. டில்லியின் பெயரை அந்த நொதிக்குச் சூட்டியதைப் பற்றி எழுந்த கூச்சலில், பிளாஸ்மிட் எப்படிக் கடக்கிறது என்ற விஷயம் அமுங்கிப்போயிற்று. அடுத்த ஆண்டிலேயே டில்லி நகரில் தெருவில் தேங்கிய நீரில் 171 மாதிரிகளையும் குழாய்நீரில் 50 மாதிரிகளையும் எடுத்துப் பார்த்தவர்கள், முன்னதில் 51-இலும் பின்னதில் 2-இலும் அம்மரபணுவைக் கண்டார்கள். அம்மாதிரிகளிலிருந்து எடுத்த கிருமிகளைக் கொண்டு, இந்தப் பிளாஸ்மிட்டுகள் எந்த உஷ்ணத்தில் நன்றாகக் கடக்கின்றன என்றும் பார்த்தார்கள். 25 டிகிரியையும் 37 டிகிரியையும் விட 30 டிகிரியில் அதிகமாகக் கடந்தன. டில்லியின் தெருநீர் வருஷத்தில் பல மாதங்கள் இருக்கும் உஷ்ணம் அது.

ஆய்வகங்களில் கிருமி வளர்க்கும் பெட்டி வழக்கமாக 37 டிகிரியில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. மனித உடலிலிருந்து எடுத்த கிருமிக்கு மனித உடலின் உஷ்ணமே உகந்தது என்று கருதி நூறு வருஷத்துக்கு மேலாக அப்படி வைத்து வருகிறார்கள். நோயை அடையாளம் காண்பதற்கு அது சரி. ஆனால் ஒரு கிருமியின் மருந்தெதிர்ப்பு ‘கடந்து செல்லவில்லை’ என்று எழுதி மூடிய ஆய்வுத்தாள்களில், 37 டிகிரியில் மட்டும் சோதித்தவற்றை, இன்னொரு பெட்டியை 25-இலோ 28-இலோ வைத்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு வேண்டியது இரண்டாவது பெட்டி ஒன்றுதான். மூணாற்று மலைகளிலாவது, அந்தப் பெட்டிக்கு மின்சாரம்கூட அதிகம் தேவைப்படாது.